ஹென்றி ப்ரூக் வீட்டில் பத்துப் பேர்

சிறிதரனைத் தெரிந்த எல்லாருக்கும் அவருடைய ஒரு பழக்கம் தெரியும். கொப்பி எடுக்காமல் எந்தப் படிவத்தையும் கையை விட்டு விடமாட்டார். வரிப் போம், வைத்தியசாலைப் போம், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குக் கையெழுத்து வைக்கிற துண்டு, எதுவானாலும் முதலில் ஸ்கேனர், பிறகுதான் தபால்பெட்டி. பிளாக்டவுனில் அவருடைய வீட்டு ஹோல் அலுமாரியில் இருபத்துமூன்று கறுப்பு ஃபைல்கள் ஆண்டுவாரியாக அடுக்கிக் கிடக்கின்றன. "இந்த மனுசன் செத்தாலும் முதலிலை ஒரு கொப்பி எடுத்துப்போட்டுத்தான் சாகும்" என்று மனைவி யோகா பகிடி பண்ணுவா. அந்தப் பழக்கமே ஒரு நாள் திரும்பி வந்து தன் கழுத்தைப் பிடிக்கும் என்று மனுசன் நினைக்கவில்லை. இந்த வருசம் யூலை மாதம் பிடித்தது.

வீட்டில் யார் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், கதையே அதிலேதான் கிடக்கிறது. சிறிதரன், வயது ஐம்பத்தாறு, பஸ் ஓட்டுகிறார். யோகா, முதியோர் இல்லத்தில் வேலை. மகன் துஷாந்த், யூனிவர்சிட்டிக்குப் போகிறான், சாப்பாட்டு நேரத்தில் மட்டும் கண்ணில் படுவான். மகள் அக்ஷரா, பதினாறு வயது. எத்தனை பேர் என்று கேட்டால் சிறிதரன் நாலு பேர் என்றுதான் சொல்லுவார். ஆனால் பின்வளவுக் கராஜில் ஒன்பது வருசமாக ஒருத்தன் இருக்கிறான். யோன். மன்னார்க் கரையைச் சேர்ந்தவன், நாற்பத்துநாலு வயது, வள்ளத்தில் வந்தவன், இன்னும் பிரிட்ஜிங் விசா என்கிற தற்காலிக விசாவில் தொங்கிக்கொண்டிருக்கிறான். மீன்கடையில் வேலை. கராஜில் கட்டிலும் சின்னக் குளியலறையும் வைத்துக் கட்டினது கவுன்சிலுக்குத் தெரியாது. சாப்பாடு மூன்று நேரமும் வீட்டுக் குசினியில்தான். பிள்ளைகளுக்கு அவன் யோன் மாமா. அக்ஷராவை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கினதே அவன்தான், தகப்பனுக்கு அந்த நேரம் எப்போதும் ஷிஃப்ட்.

இன்னொன்றும் உண்டு. சிறிதரன் கோப்பாய்ப் பக்கத்துக் கமக்காரப் பரம்பரை, வேளாண்மை செய்த குடும்பம். அதைச் சொல்லச் சந்தர்ப்பம் கிடைத்தால் விடமாட்டார். அந்தப் பரம்பரை மண்வெட்டியைத் தொட்டு முப்பது வருசத்துக்கு மேல். வீட்டுப் பின்வளவில் கத்தரியும் கீரையும் பச்சைமிளகாயும் நட்டுத் தண்ணீர் ஊற்றி வளர்த்தது கடற்கரையில் பிறந்த யோன். கமக்காரர் அதைப் பறித்துத் தின்றார்.

யூலை லீவில் உள்ளூர் நூலகம் பிள்ளைகளுக்கு ஒரு கண்காட்சி வைத்தது. உன் வீடு இருக்கிற காணியில் உனக்கு முன்னம் யார் இருந்தார்கள், கண்டுபிடித்து எழுது என்று மே மாதமே அறிவித்துவிட்டார்கள். அக்ஷரா பிடித்தால் விடாத பிள்ளை. இரண்டு மாதம் கம்ப்யூட்டரும் நூலகமுமாகத் திரிந்து, ஒரு வியாழக்கிழமை பின்னேரம் சாப்பாட்டு மேசையில் ஒரு பெரிய தாளை விரித்தாள். 1891ஆம் ஆண்டு நியூ சவுத் வேல்ஸில் எடுத்த குடிசன மதிப்பில், வீடு வீடாகப் போய் எழுதினவரின் புத்தகத்தில் ஒரு பக்கம். மைக்கோடு போட்ட பக்கம், சரிந்த கையெழுத்து.

"இவர்தான். ஹென்றி ப்ரூக். ஃபாமர். எங்கடை ரோட் முழுக்க இவரின்ரை பண்ணைதான்" என்றாள்.

சிறிதரனுக்கு மூஞ்சி மலர்ந்துவிட்டது. "கமக்காரனோ? பாத்தியே, கமக்காரன்ரை காணிக்குத்தான் கமக்காரன் வந்து சேருவான். எத்தினை பேராம் வீட்டிலை?"

"டென்."

"பின்னை? கமம் செய்யிற வீடெண்டா அப்பிடித்தான். பத்துப் பன்னெண்டு பேர் இருந்தாத்தான் அது வீடு." பிட்டைக் குழைத்துக்கொண்டே மனுசன் அந்த வெள்ளைக்காரனை ஒன்றுவிட்ட பெரியப்பா ஆக்கிவிட்டார். கலப்பை பிடிக்கிறது என்றால் என்ன, மழையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது என்றால் என்ன, எல்லாம் எங்கடை ஆக்கள் மாதிரித்தான் என்று ஒரு பிரசங்கமே வைத்தார். யோன் மீன் முள்ளை எடுத்துக்கொண்டு சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்பா, வெயிட். கணக்கு டாலி ஆகேல்லை" என்றாள் அக்ஷரா. அந்தப் புத்தகத்தில் வீட்டுத் தலைவரின் பெயர் மட்டும்தான் எழுதுவார்களாம். மற்றவர்கள் வெறும் எண். ஆண்கள் ஆறு, பெண்கள் நாலு. அவள் கிறிஸ்தவக் கோயில் பதிவுகளில் தேடி அந்தக் குடும்பத்தின் பெயர்களைப் பிடித்துவிட்டாள். ப்ரூக், மனைவி, மனைவியின் தாய், நாலு பெடியள், இரண்டு பெட்டைகள். பெண்கள் நாலு சரி. ஆண்கள் ஐந்துதான் வருகிறது. ஆறாவது ஆள் யார் என்று மண்டையை உடைத்திருக்கிறாள். பிறகுதான் பக்கத்தின் வலப்பக்க ஓரத்தில் இருந்த தனிப் பத்தியைப் பார்த்தாளாம். மொத்தத்தில் சீனர் எத்தனை பேர் என்று எழுதுகிற பத்தி. ப்ரூக்கின் வரிசையில் அங்கே ஒரு "1" இருந்தது.

"அவர்தான் தோட்டம் செய்திருப்பார் எண்டு லைப்ரரியிலை சொன்னவை. அந்தக் காலம் சீன ஆக்கள்தானாம் மரக்கறித் தோட்டம் செய்தது. அவரின்ரை பேர் ஒரு இடத்திலையும் இல்லை அப்பா. நான் எல்லாத்தையும் தேடிட்டன். கோயிலிலை இல்லை, சேமக்காலைக் கல்லறையிலையும் இல்லை. பத்துப் பேருக்குச் சாப்பாடு வளத்தவர். ஹௌ ஹார்ட் இஸ் இற் டு ரைட் அ நேம்?"

"வெள்ளைக்காரன் அப்பிடித்தான்" என்றார் சிறிதரன், பெரியப்பா உறவை உடனே அறுத்துக்கொண்டு.

அப்போது யோன் சொன்னான், ஒரு சூதும் இல்லாமல், கையை நக்கிக்கொண்டு: "ஒண்டு எண்டாவது போட்டிருக்கிறான் தானே பிள்ளை, அந்த மனுசன். எனக்கு நல்ல காலம். சிறி அண்ணை போன சென்சஸிலை என்ரை முழுப் பேரையும் போட்டவர். தொண்ணூற்றொன்பது வருசத்தாலை அதைத் திறக்கேக்கை ஆரும் உன்னை மாதிரி ஒரு பிள்ளை தேடினால் நான் அம்பிடுவன்."

சிறிதரன் தண்ணீர் குடித்தார். புரைக்கேறியது. யோகா தலையில் தட்டினா.

"ஓ மை கோட், யெஸ்" என்று எழும்பினாள் அக்ஷரா. "அதையே போடலாம். ஒரு பக்கம் ஹென்றி ப்ரூக் வீடு, மற்றப் பக்கம் எங்கடை வீடு. அவர் பேர் எழுதேல்லை, நாங்கள் எழுதினம். அப்பா, சென்சஸ் போம் கொப்பி இருக்கும்தானே? நீங்கள் எல்லாத்துக்கும் கொப்பி எடுப்பீங்கள்."

"ஐஞ்சு வருசத்துக்கு முந்தினதெல்லோ... தேடிப் பாப்பம்" என்றார் சிறிதரன்.

"ஃபைலிலை இல்லாட்டி அது இந்த வீடே இல்லை" என்றா யோகா. எல்லாரும் சிரித்தார்கள். கண்காட்சி சனிக்கிழமை, தாள்களை வெள்ளி பின்னேரத்துக்குள் ஒட்டிவிட வேண்டும். "சனிக்கிழமை நான் கடையிலை லீவு சொல்லுறன். என்ரை பேரைச் சுவரிலை பாக்கவேணும்" என்றான் யோன்.

தேடுவதற்கு ஒன்றும் இல்லை. பதினெட்டாம் நம்பர் ஃபைல், நீலப் பிரிப்புத் தாளுக்குப் பின்னால். அதில் யோனின் பெயர் இல்லை என்பது சிறிதரனுக்கு நன்றாகத் தெரியும்.

அது 2021 ஓகஸ்ட். கொரோனாக் காலம். பிளாக்டவுன் பக்கத்தை இறுக்கிப் பூட்டி வைத்திருந்தார்கள். ரோட்டில் பொலிஸ், அஞ்சு கிலோமீட்டருக்கு அங்கால் போகேலாது, யாருடைய வீட்டில் எத்தனை பேர் என்றுதான் பேச்சு. அந்த நேரம் பார்த்து சென்சஸ், அரசாங்கத்தின் குடிசன மதிப்பு, வந்தது. சிறிதரனுக்கு ஒன்லைனில் நம்பிக்கை இல்லை, போன் பண்ணிப் பேப்பர் போம் எடுப்பித்தார். அந்த இரவு உங்கள் வீட்டில் தங்கும் எல்லாரையும் எழுதுங்கள் என்று முதல் பக்கத்திலேயே இருந்தது.

யோன் அதைப் பற்றி ரேடியோவில் கேட்டிருந்தான். சென்சஸ் அன்று காலையே ஒரு பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் தன் விபரம் எல்லாவற்றையும் தமிழில் அச்சடித்தமாதிரி எழுதிக்கொண்டு வந்து, குசினி வாசலில் நின்று, முகக்கவசத்தோடு நீட்டினான். தொண்ணூற்றொன்பது வருசம் பெயரைப் பூட்டி வைத்துப் பிறகு திறப்பார்களாம், அதற்குச் சம்மதமா என்று ஒரு கேள்வி வருமாம், அதற்கு ஓம் என்று போடச் சொன்னான். அவனுக்கு அது விளையாட்டு இல்லை. அவனுடைய தமையன் ஒருத்தன் சண்டைக் காலத்தில் காணாமல் போனவன். தாய் அந்தப் பெயரைக் கொண்டு ஏறி இறங்காத கந்தோர் இல்லை, ஒரு லிஸ்டிலும் பெயர் இல்லை. ஒரு லிஸ்டிலும் இல்லாவிட்டால் அப்படி ஒருத்தன் இருந்ததே இல்லை என்றமாதிரித்தான் கதைத்தார்களாம். "உன்ரை பேராவது எங்கையாவது எழுத்திலை கிடக்கட்டும்" என்று கிழவி போனில் அழுதிருக்கிறா.

சிறிதரன் பின்னேரம் மேசையில் இருந்து நாலு பேரையும் எழுதினார். ஐந்தாவது ஆளின் பத்திக்கு வந்தபோது பேனை நின்றது. ஊரில் ஆமி கேட்ட வீட்டு ஆள் பட்டியல் ஞாபகம் வந்தது. பட்டியலில் இருக்கிற தலையும் வீட்டில் இருக்கிற தலையும் ஒத்துவராவிட்டால் என்ன நடக்கும் என்று அந்தத் தலைமுறைக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. மேலதிகமாக ஒரு பெயர் எழுதுவது என்றால் கை தானாகவே பின்வாங்கும். கராஜைப் பற்றிக் கவுன்சில் கேட்டால்? விசாக்காரர் கேட்டால்? இந்தப் போமை வேறு எவருக்கும் காட்டமாட்டோம் என்று அதிலேயே எழுதியிருந்தது. எழுதியிருக்கிறதை எல்லாம் நம்புகிற வயது அவருக்குப் போய்விட்டது.

இவ்வளவும் உண்மை. சிறிதரன் இதை ஐந்து வருசமாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்தார், பஸ்ஸில் சிவப்பு லைட்டில் நிற்கிறபோதெல்லாம் சொல்லிக்கொண்டார். ஆனால் முழு உண்மை அது இல்லை. மீதியை அவர் தனக்குக்கூடச் சொன்னதில்லை.

இரண்டு நாள் கழித்து யோன் கேட்டான்: "அண்ணை, என்ரை பேரையும் போட்டனீங்களோ?"

"ஓம், ஓம். போட்டாச்சு."

"தொண்ணூற்றொன்பதுக்கும்?"

"ஓமடாப்பா. எல்லாம் போட்டாச்சு."

அவன் அன்றைக்கே தாய்க்குப் போன் எடுத்துச் சொன்னான். கிழவி வேளாங்கண்ணி மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினதாம். அடுத்த வருசம் கிழவி செத்துப்போனா. மகனின் பெயர் எழுத்தில் இருக்கிறது என்ற நம்பிக்கையோடு போனா, போக முடியாத மகன் கராஜில் இருந்து வீடியோவில் செத்தவீடு பார்த்தான். சிறிதரன் பக்கத்தில் இருந்து தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை சிறிதரனுக்கு ஓய்வு நாள். பிள்ளைகள் வெளியில், யோகா வேலையில், யோன் கடையில். பதினொரு மணிக்கு பதினெட்டாம் நம்பர் ஃபைலை எடுத்து மேசையில் வைத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்கள். இது பூசணிக்காய்கூட இல்லை, ஒரு வெற்றுப் பத்தி. கொப்பிதானே, அசல் கன்பராவிலோ எங்கேயோ கிடக்கிறது. கொப்பியில் ஐந்தாவது ஆளை இப்போது எழுதி, அதை இன்னொருக்கால் ஸ்கேன் பண்ணினால் மை ஒரே நிறமாகிவிடும். பிள்ளைக்கும் சந்தோசம், யோனுக்கும் சந்தோசம், யாருக்கும் நட்டமில்லை. கறுப்புப் பேனையை எடுத்தார்.

பெயர் என்று இருந்த பெட்டியில் "யோன்" என்று எழுதினார். பேனை அங்கேயே நின்றது. முழுப்பெயர் என்ன? பிறந்த திகதி? தகப்பன் எங்கே பிறந்தவர்? ஒன்பது வருசம் ஒரே சட்டிச் சோறு தின்ற ஆளின் தகப்பன் பெயர் அவருக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வெட்கம் கையை நிறுத்தவில்லை, பிறகு வந்ததுதான் நிறுத்தியது.

யோன் கொடுத்த கொப்பித் தாள் ஞாபகம் வந்தது. சிறிதரன் எதையாவது எறிந்தால்தானே. அதே ஃபைலில், அதே பிளாஸ்டிக் உறைக்குள், நாலாய் மடித்தபடி இருந்தது. பிரித்தார். கேள்வி நம்பர் போட்டு ஒவ்வொன்றாக எழுதியிருந்தான். முழுப்பெயர், யோன் அந்தோனி குரூஸ். பிறந்த திகதி. தகப்பன் பிறந்த இடம். சமயம், கத்தோலிக்கம். சிறிதரன் பார்த்துப் பார்த்து ஆங்கிலத்தில் நிரப்பினார். பிறகு, முதலாவது ஆளுக்கு நீங்கள் என்ன உறவு என்ற கேள்வி. அதற்கு உறவில்லாமல் வீட்டில் தங்கியிருக்கிற வெளியாளுக்கு என்று ஒரு சொல் உண்டு. போடர். அதை எழுதலாம் என்றுதான் பேனையைக் கொண்டுபோனார், தாளை ஒருக்கால் பார்த்தார்.

தாளில் யோன் "தம்பி" என்று எழுதியிருந்தான்.

அப்போதுதான் அந்த மீதி உண்மை வெளியே வந்தது. ஐந்து வருசத்துக்கு முன்னம் இதே மேசையில் இதே சொல்லை வாசித்தபோது சிறிதரனுக்குப் பயம் வரவில்லை. கோபம் வந்தது. இவன் ஆர் எனக்குத் தம்பி? கோப்பாய்க் கமக்காரன் வீட்டுக்கு மன்னார்க் கரையில் இருந்து ஒரு தம்பியோ? நாளைக்கு ஆரும் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடிக்கிறான் என்று நினைத்தார். இந்தச் சொற்களாலேயே நினைத்தார். கவுன்சிலும் விசாவும் ஆமியும் பிறகு வந்து அந்த நினைப்புக்கு மேலே போட்ட போர்வை. போம் போட்ட அன்றைக்கு முந்தின கிழமைதான் யோன் கடையில் வரிசையில் நின்று, கொரோனா வந்து படுத்திருந்த சிறிதரன் குடும்பத்துக்கு மருந்தும் சாமானும் வாங்கிக் கதவடியில் வைத்துவிட்டுப் போயிருந்தான். அந்த மருந்தைக் குடித்துத் தேறின கைதான் அவன் பெயரை எழுதவில்லை.

சிறிதரனுக்கு மேலெல்லாம் கூசிக்கொண்டு வந்தது. தன் உடம்பைத் தானே தொட அருவருப்பாக இருந்தது. அந்த ஹென்றி ப்ரூக் எவ்வளவோ திறம். தம்பி என்று ஒருவரும் அவனிடம் எழுதிக் கொடுக்கவில்லை, அப்படியிருந்தும் பத்தாவது ஆளைக் கணக்கில் சேர்த்திருக்கிறான்.

"என்ன செய்யிறியள்?"

யோகா. ஷிஃப்ட் முடிந்து வந்ததை அவர் கவனிக்கவில்லை. மனுசி மேசையைப் பார்த்தா, காயாத மையைப் பார்த்தா, கொப்பித் தாளைப் பார்த்தா. முப்பது வருசம் ஒன்றாய் இருந்தவவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"அப்ப நீங்கள் அவன்ரை பேர் போடேல்லை."

"இல்லை."

"போட்டதெண்டு சொன்னியள். அந்தத் தாய்மனுசி கண் மூடுமட்டும் சொல்லிச் சந்தோசப்பட்டது." யோகா கதிரையை இழுத்து இருந்தா. சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் சிறிதரனுக்குச் சுகமாக இருந்திருக்கும். "இப்ப இன்னொருக்கா ஏமாத்தப் போறியளோ? பிள்ளையைக் கொண்டு சுவரிலை ஒட்டுவிச்சு? எனக்கு உங்களோடை ஒரு வீட்டிலை இருக்கவே வெக்கமாக் கிடக்கு."

"யோகா..."

"என்னட்டைச் சொல்லாதேங்கோ. சொல்லவேண்டிய இடத்திலை போய்ச் சொல்லுங்கோ."

யோன் மூன்றரைக்கு வந்தான். சிறிதரன் கராஜ் கதவைத் தட்டினபோது அவன் நாளைக்குப் போட்டுக்கொண்டு போக வெள்ளைச் சேட் ஒன்றை ஸ்திரி பண்ணிக்கொண்டிருந்தான். மாதா படத்துக்குக் கீழே தாயின் படம். "வாங்கோ அண்ணை, இருங்கோ" என்று கட்டிலில் கிடந்த உடுப்பை ஒதுக்கினான். சிறிதரன் இருக்கவில்லை. நின்றபடி, நிலத்தைப் பார்த்துக்கொண்டு, சொன்னார். பயந்து எழுதாமல் விட்டேன் என்று சொன்னார். தம்பி என்று அவன் எழுதினதைப் பார்த்து என்ன நினைத்தார் என்பதையும் சொன்னார். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் பாதி சொல்வதில் அவருக்கு ஐந்து வருசப் பழக்கம் இருந்தது, அது இன்றைக்கு அவருக்கே வேண்டாம் போல இருந்தது.

யோன் ஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்து, சுவிட்சை அணைத்தான்.

"ஒண்டு எண்டும் போடேல்லையோ அண்ணை?" என்று கேட்டான். "பேரை விடுங்கோ. வேறை ஒரு ஆளும் இருக்குது எண்டு... ஒரு நம்பர்?"

"இல்லை."

"சரி."

"யோன், நான் செய்தது—"

"அம்மாட்டைச் சொன்னனான்" என்றான் அவன். அவ்வளவுதான். பிறகு சேட்டை எடுத்து மடித்தான். ஸ்திரி போட்ட சேட், ஹாங்கரில் போடவேண்டியது, மடித்துப் பெட்டிக்குள் வைத்தான். "அண்ணை, நான் கொஞ்சம் படுக்கப் போறன்."

அக்ஷராவுக்கும் சிறிதரனே சொன்னார். அவள் தமிழிலும் திட்டவில்லை, ஆங்கிலத்திலும் திட்டவில்லை. அந்தக் கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு, மேசையில் வைத்துவிட்டு அறைக்குப் போனாள். சனிக்கிழமை நூலகச் சுவரில் ஹென்றி ப்ரூக்கின் பக்கம் மட்டும் இருந்தது. பக்கத்துப் பாதிச் சுவர் சும்மா கிடந்தது. வந்த தமிழ்ச் சனம் "வடிவாச் செய்திருக்கிறாள் பிள்ளை, கெட்டிக்காரி" என்று சிறிதரனுக்குக் கை கொடுத்தது. அந்த மனுசன் ஒவ்வொரு கையையும் பிடித்துக்கொண்டு, அந்த மெல்லிய "1"க்குப் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் நின்றார்.

யோன் சண்டை பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டும் போகவில்லை. பார்த்தால் "வேலையோ அண்ணை" என்று கேட்பான். தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டான். ஆனால் குசினிக்குச் சாப்பிட வருவது நின்றுபோனது. கடையிலேயே சாப்பிட்டேன் என்பான். யோகா சாப்பாட்டைக் கோப்பையில் மூடிக் கொண்டுபோய் வைத்தால் தின்றுவிட்டுக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து வைப்பான். கழுவின கோப்பையைப் பார்க்க யோகாவுக்கு அழுகை வரும். இந்த வீட்டில் அவன் ஒருநாளும் கோப்பை கழுவி வெளியாள் மாதிரி நடந்ததில்லை.

சிறிதரனுக்கு ஒரு வழிதான் தெரிந்தது. இந்த வருசம் திரும்பவும் சென்சஸ், ஓகஸ்ட் பதினோராம் திகதி, செவ்வாய்க்கிழமை. போன முறை போலவே பேப்பர் போம் எடுப்பித்தார். வந்த அன்றைக்கே, தன் பெயரை எழுதி முடித்த கையோடு, மனைவியை எழுத முதல், பிள்ளைகளை எழுத முதல், இரண்டாவது ஆளாக யோன் அந்தோனி குரூஸ் என்று முத்து முத்தாக எழுதினார். உறவு, தம்பி. தொண்ணூற்றொன்பது வருசத்துக்கு ஓம். அதைக் கொண்டுபோய் யோனிடம் காட்டவேண்டும் என்று நாலைந்து நாள் நினைத்தார். காட்டினால் லஞ்சம் கொடுப்பதுபோல இருக்கும் என்று காட்டவில்லை. அந்தச் செவ்வாய் வரட்டும், எழுதி முடித்து, போஸ்ட் பண்ண முதல் அவன் கையில் கொடுப்போம் என்று இருந்தார்.

ஒன்பதாம் திகதி ஞாயிறு, பூசை முடிந்து, நிஷானின் வான் வாசலில் வந்து நின்றது. நிஷானும் மனைவி டில்ஷாவும் யோனுடைய கோயில் ஆட்கள், வென்ட்வேர்த்வில் பக்கம் இருக்கிறார்கள். யோனின் பொருள் முழுக்க இரண்டு பெட்டியும் ஒரு மாதா படமும் தாயின் படமும்தான். "அங்கை ஒரு அறை சும்மா கிடக்காம் அண்ணை. வேலைக்கும் கிட்ட" என்றான். வேலைக்குக் கிட்ட இல்லை, தூரம். இரண்டு பேருக்கும் அது தெரியும். பிள்ளைகளைக் கட்டிப்பிடித்தான், யோகாவின் கையைப் பிடித்தான். "கத்தரிக்குக் காலமையிலை தண்ணி விடுங்கோ, மத்தியானம் விட்டா வேர் அவிஞ்சுபோம்" என்று சிறிதரனிடம் சொன்னான். "போட்டு வாறன்" என்றான். வான் போனது.

செவ்வாய் பின்னேரம் ஆறு மணிக்கு சிறிதரன் போமை விரித்து வைத்துக்கொண்டு போன் எடுத்தார். எதிரில் யோகா இருந்தா. சோபாவில் இருந்த அக்ஷரா போனைப் பார்ப்பதுபோலக் காது கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"யோன், அண்ணை கதைக்கிறன். இண்டைக்குச் சென்சஸ் எல்லே. ஒரு இரவுக்கு எண்டாலும் வந்து படு. நான் வந்து ஏத்துறன். உன்ரை பேரை எழுதி வைச்சிருக்கிறன். ரெண்டாவதா. எனக்கு அடுத்ததா."

அந்தப் பக்கம் சட்டி பானைச் சத்தமும் டில்ஷா யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிற சத்தமும் கேட்டது.

"இஞ்சை எழுதியாச்சு அண்ணை. இப்பத்தான் டில்ஷா என்னையும் பக்கத்திலை இருத்தி வைச்சு எழுதினவ. ஒரு ஆளை ரெண்டு வீட்டிலை எழுதக்கூடாதாம்."

"அப்பிடியே... நல்லது. நல்லதுதான். தொண்ணூற்றொன்பதுக்கும் போட்டவவே?"

"ஓம். என்ரை கண்ணாலை பாத்தனான்."

சிறிதரன் அதோடு போனை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. "என்ன உறவெண்டு போட்டவ?" என்று கேட்டார்.

"தம்பி எண்டு போடட்டோ எண்டு கேட்டவ அண்ணை" என்றான் யோன். குரலில் கோபம் ஒன்றும் இல்லை, பழைய யோனின் குரல்தான். "நான்தான் வேண்டாம் எண்டனான். போடர் எண்டு போடச் சொன்னனான். ஆக்கள் எங்களை என்னவா நினைக்கினம் எண்டு எங்களுக்குத் தெரியாதுதானே."

போனை வைத்த பிறகு சிறிதரன் கறுப்புப் பேனையை எடுத்து, இரண்டாவது ஆளின் பத்தியில் முத்து முத்தாக எழுதியிருந்த பெயரைக் குறுக்கே வெட்டினார். பிறகு "தம்பி"யை வெட்டினார். யோகாவை எழுதினார், துஷாந்தை எழுதினார், அக்ஷராவை எழுதினார். இந்த முறை பொய் ஒன்றும் இல்லை, வீட்டில் நாலு பேர்தான்.

போமை ஸ்கேனரில் வைக்கப் போனவர், வைக்காமல், அப்படியே உறைக்குள் போட்டு ஒட்டினார்.